ஏழாவது மாதிரி

மூன்று பேர் வேண்டுமாம்.
என்னை அறிந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள்,
டிசம்பர் பதினைந்துக்குள்.

தண்டர் பே துறைமுகத்தில்
கோதுமையைத் தரம் பிரிப்பவள் நான்.
பன்னிரண்டு வருடமாகக் கை நிறைய அள்ளி,
மோந்து, தட்டில் பரப்பி,
நல்லது, ஈரம், பூஞ்சை என்று
ஒற்றைச் சொல்லில் எழுதித் தருகிறேன்.
என் கையெழுத்துக்காக ஒரு கப்பல்
இரவு முழுக்க விளக்கெரிய நின்றிருக்கிறது.

பேராசிரியர் ஹல்வர்சன் ஓய்வு பெற்றுவிட்டார்.
அனுப்பிய மின்னஞ்சல்
போன வேகத்தில் திரும்பி வந்தது.
புள்ளியியல் எடுத்த பெல்ரோஸ்
போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில்
இறந்துபோனாராம்.
இரங்கல் குறிப்பைப் படித்ததும்
முதலில் வருந்தியது அவருக்காகத்தானா?
அதை இன்னும் என்னிடம் நானே கேட்கவில்லை.

ஷிப்ட் பொறுப்பாளர் டுவெயின்
படிவத்தை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'நீங்கள் அறிந்த மாணவர்களில் இவர்
முதல் ஒரு சதவீதமா, ஐந்தா, பத்தா?'
"எனக்கு மாணவர்களே கிடையாதே, ஐலா."
இருந்தும் எழுதினார், கொட்டை எழுத்தில்:
'ஈரமானி சொல்லும் முன் இவள் சொல்லிவிடுவாள்.
தப்பென்றால் ஒத்துக்கொள்வாள்.
இதுவரை இரண்டு முறை.'
போதுமா என்றார்.
போதும் என்றேன், எது போதுமென்று தெரியாமலே.

வின்னிபெக் ஆய்வகத்து ரொவீனா
தொலைபேசியில் மட்டுமே தெரிந்தவள்.
உன் குரலை வைத்தே ஒரு பக்கம் தேறும் என்றாள்.

மிச்சம் டாக்டர் டிராப்பர்.
அவரிடமிருந்து வந்தது இரண்டே வரி:
'மன்னிக்கவும், முகம் நினைவில் இல்லை.
நான் திருத்திய ஏதாவது இருந்தால் அனுப்பு.'

நிலவறையில்
பனிச்சறுக்குக் காலணிகளுக்கும்
பழைய வரிக் காகிதங்களுக்கும் அடியில்
என் கடைசி வருட அறிக்கை.
பதினோராம் பக்க ஓரத்தில், பென்சிலில்:
'ஏழாவது மாதிரியை ஏன் விட்டுவிட்டாய்?'

அன்று நான் பதில் சொல்லவில்லை.
மதிப்பெண் வந்துவிட்டது,
வேலை வந்துவிட்டது,
பென்சில் மட்டும் அழியாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

பக்கத்தைப் படமெடுத்துக் கீழே எழுதினேன்:
'சதுப்பில் எடுத்த மண் அது.
ஈரம் அளக்க உலர் அடுப்பில் வைத்தேன்.
முந்தைய இரவு காபிக் கடையில் கடைசி ஷிப்ட்.
தூங்கிவிட்டேன். கருகிவிட்டது.
வெட்கத்தில் அந்த வரிசையையே அழித்தேன்.'

சிபாரிசு கேட்கப் போனவள்
குற்றப்பத்திரிகை அனுப்பியிருக்கிறேன்
என்று அனுப்பிய பிறகே உறைத்தது.

நான்கு நாள் பதில் இல்லை.
ஏரியின் ஓரத்தில் பனிக்கட்டி பிடித்தது.
மூன்று ரயில் நிறையக் கோதுமை வந்தது.
எல்லாவற்றிலும் எனக்கு
கருகிய வாசனை அடித்தது.

ஐந்தாம் நாள்:
'அந்த நாற்றமா! அபாயமணி அடித்து
மொத்தக் கட்டடமும் பனியில் நின்றோமே,
அது நீதானா?
ஏழை இப்படியே விண்ணப்பத்திலும் எழுது.
நான் கடிதம் அனுப்புகிறேன்.'

படிக்கும் உரிமையைக் கைவிடுகிறேன் என்ற கட்டத்தில்
ஏற்கெனவே டிக் போட்டாயிற்று.
திரையில் தெரிவதெல்லாம்
'வந்து சேர்ந்தது', மூன்று தரம்.

சல்லடையைத் தட்டிக்கொண்டே டுவெயின் கேட்டார்,
அந்தம்மா என்னதான் எழுதினாராம்?
தெரியாது என்றேன்.
கட்டடம் எரியவில்லை என்றாவது
எழுதியிருப்பார்.