கணக்கு உதைக்கிறது

முதலில் தராசு வாங்கு.
அச்சு, நெம்புகோல், புனல், டப்பா எல்லாம் பிறகு.
நான் கடைசியில்தான் வாங்கினேன்,
அதனால் முதல் வரியில் எழுதுகிறேன்.

இரும்பாலையில் இருபத்தொன்பது வருஷம்
லேத்தின் முன்னால் நின்றவன்.
மயிரிழை பிசகினாலும் விரல் சொல்லிவிடும்.
அப்படிப்பட்டவன் லீ பஜாரில்
"செட்டா எடுத்துக்குங்க சார், பாதி விலை" என்றதும்
பையை விரித்துப் பிடித்தேன்.
எதிர்க்கடை ஹக்கீமுதீன்
துணி விலக்கி ஒரு தராசைக் காட்டினார்.
விலையைக் கேட்டுவிட்டு
டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

நாகலூரில் ஒன்றே முக்கால் ஏக்கர்.
காபி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு, சரிவில் மரவள்ளி.
மரவள்ளி எங்கே என்று பன்றிக்கு யாரும் சொல்லவேண்டாம்.
பயிர்க்காவலுக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி,
கலெக்டர் ஆபீஸ் முத்திரை குத்திய லைசென்ஸ்.
தேர்தல் வந்தால் துப்பாக்கியை
ஏற்காடு ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும்
(ரசீதை மறக்காதே).
வானத்தைப் பார்த்துத்தான் சுடுவேன்.
சத்தம்தான் என் வேலி.

சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்ப
அனுமதி வாங்க இரண்டு வருஷம்,
கை பழக இன்னும் இரண்டு.
மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா.
பெயர் ஒட்டாததை மோந்துகூடப் பார்க்காதே.
விளிம்பு வெடித்த கூட்டை
"இன்னொரு தடவை தாங்கும்" என்று மனசு சொல்லும்போதே
மிதித்து நசுக்கிப் போடு.
முழுசாகப் போட்டால் நாளைக்கு நீயே பொறுக்குவாய்.
ஐப்பசி மூடுபனி சாவித்துவாரத்திலும் நுழையும்,
மூடியை உடனே மூடு.
போனை அணைத்து வை.

போனை அணைக்கவில்லை.

கார்த்திகை ஞாயிறு, இருபத்தைந்து கூடு.
பாதியில் கொண்டலாம்பட்டி மச்சினன் கூப்பிட்டான்,
பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று.
நாலு நிமிஷம்.
வந்து கரண்டியை எடுத்தேன்.
கடைசிக் கூட்டுக்கு மருந்து இல்லை.

கோகிலவாணி
அஸ்தம்பட்டி தபால் ஆபீசில் கேஷ் பார்த்தவள்.
இடமிருந்து வலம் எண்ணினாள், வலமிருந்து இடம் எண்ணினாள்.
மூடியது இருபத்து நாலு,
அளந்து வைத்தது இருபத்தைந்துக்கு.
"கணக்கு உதைக்குது" என்றாள்.

அவள் பாஷையில் அது கூட்டல் பிழை.
என் தோளுக்கு வேறு அர்த்தம்.
இரண்டு பங்கு விழுங்கிய தோட்டா
தோளோடு நிறுத்திக்கொள்ளாது.

"நிறுத்துப் பாருங்களேன், கனமானது தெரியும்."
செட்டோடு வந்த தராசில் வைத்தேன்.
ஃபேன் சுற்றினால் ஒரு எண், நின்றால் ஒரு எண்,
நான் பெருமூச்சு விட்டதற்குத் தனியாக ஒன்று.

அப்புறம் என்ன,
ஒவ்வொன்றாய் வாய் பிரித்தேன்.
ஒன்பதாவதில் இருந்தது,
கறுப்பாய், கழுத்து வரை.
அப்பாடா என்று கத்தியை வைக்கப்போனேன்.
"ஒரு கள்ளநோட்டு கிடைச்சா
மீதிக் கட்டை எண்ணாம விட்டுடுவாங்களா?"

மீதிப் பதினைந்தும்.

இரண்டரை மணிக்குப் பன்றி வந்தது,
குட்டிகளோடு, சொந்த நிலம் போல.
வீட்டில் நிரப்பிய தோட்டா ஒன்றுகூட இல்லை.
செட்டின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி
செட்டின் நெம்புகோலாலேயே அடித்தேன்.
பக்கத்துத் தோட்டத்தில் விளக்கு எரிந்தது,
நாய்கள் எழுந்தன,
பன்றியும் கிளம்பியது
இரண்டு வரிசையை முடித்துவிட்டு.
பாதி விலைச் சாமான்
முழுசாக வேலை செய்தது அன்றைக்குத்தான்.

காலை முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்வரை
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
அது பெரிய விஷயம்.
ஹக்கீமுதீன் துணியை விலக்கினார்.
அறுநூறு ஏறியிருந்தது.
பேரம் பேச வாயெடுத்தேன்.
கோகிலவாணி அதற்குள்
இரண்டாவது தடவை எண்ணி முடித்திருந்தாள்.