ஏழு வாய், ஒரு வயிறு

பெய்ப்ஸி ஏரி உறைந்து மூன்றாம் வாரம்.
பனிக்கட்டியில் துளையிட்டு
அழுகிய நாணல் ஒன்றை இழுத்தெடுத்தேன்.
தண்டின் அடியில் நூல்துண்டு போல,
அரை விரற்கடை கூட இல்லை,
சுருண்டு கிடந்தது ஹைட்ரா.
வாயைச் சுற்றி ஆறு கைகள்.
கண் இல்லை, இதயம் இல்லை,
மூப்பும் இல்லை என்கிறார்கள்;
யாரும் கடைசிவரை இருந்து பார்த்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை.
பேச்சுக்குச் சொல்லவில்லை,
தலைகளை எண்ணித்தான் சம்பளம் வாங்குகிறேன்.
வெள்ளிக்கிழமை மாலை நாற்பது தலை கொய்தேன்.
வெங்காயம் நறுக்குவதைவிட எளிது,
கண் எரியாது.
ஞாயிறு இரவுக்குள்
முண்டங்களின் நுனியில் கைகள் மொட்டுவிட்டன.

அறுந்த இடத்தில் முதலில்
ஒரு மரபணு விழிக்கிறது.
விண்ட் மூன்று என்று பெயர்.
அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: தலை.
தலை, தலை என்று பக்கத்துச் செல்லுக்கு,
அதற்கும் பக்கத்துச் செல்லுக்கு.
எல்லாச் செல்லுக்கும் அந்தச் சொல் தெரியும்.
பாதத்துக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியும்.
தெரிந்தும் பேசாமல் இருப்பதுதான்
உடம்பு.

அந்தக் கூச்சலே
இன்னொன்றையும் எழுப்பிவிடுகிறது.
எஸ்பி ஐந்து; கோப்பு எண் மாதிரி ஒரு பெயர்.
அதன் வேலை, கத்துகிற வாயைப் பொத்துவது.
கத்தலே பெற்றெடுத்த கை அது.

அந்தக் கையை எடுத்துவிட்டால்? என்றாள் லீஸ்பெத்.
ஒரு துளி ஆர்.என்.ஏ.,
ஒரு சின்ன மின்னதிர்ச்சி,
இரண்டு நாள் கழித்து இன்னொன்று.

இடுப்பில் ஒரு வாய் திறந்தது.
விலாவில் இரண்டு.
ஒன்றுக்கு மொத்தம் ஏழு.
லீஸ்பெத் கேக் வாங்கி வந்தாள்.
நான் உணவூட்டினேன்.
ஒரே இறால்குஞ்சை மூன்று வாய்கள் பற்றின,
இழுத்தன, விடவில்லை.
எந்த வாய் வென்றாலும்
போய்ச் சேருவது அதே குழிக்குத்தான்.
சிரித்தேன்.
அன்று மாலையும் அண்ணன் டாலினிலிருந்து அழைத்தான்,
அப்பாவின் படகுக் கொட்டகைப் பங்கு பற்றி.
எடுக்கவில்லை.

கல்லாஸ்டே சாலையில் வெங்காயச் சரம் விற்கும்
ஸினோவியிடம் ஏழு தலையைச் சொன்னேன்.
என்னைவிட இளையவன்,
ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
"இந்தக் குளிரில் எத்தனை தொப்பி வாங்குவது?"
என்று கேட்டுவிட்டுச் சில்லறை எண்ணினான்.
சரத்தில் ஒரு காய் பிளந்திருந்தது,
உள்ளே மூன்று குருத்து.
அதைப் பிய்த்துத் தனியே போட்டான்:
"இது தன்னையே தின்றுவிடும். பாதி விலை."
வாங்கிக்கொண்டேன்.

மரபணு எங்கே பேசுகிறது என்று பார்க்க
ஊதா நிறம் ஏற்றுவோம்.
அதற்கு முதலில் விலங்கைக் கொல்ல வேண்டும்.
உயிரோடு இருக்கும்வரை
அது பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை.
இதை விழாவில் யாரும் சொல்வதில்லை,
கழுவுகிறவளுக்குத் தெரியும்.

திங்கள் இரவு.
வெட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யாத
கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தேன்.
புதுத் தலை, முழுத் தலை.
நுனியில் ஊதாப் புள்ளி,
பென்சிலால் வைத்த முற்றுப்புள்ளி அளவு.
அதன் விளிம்பு வெட்டியது போல நின்றிருந்தது.
அதற்கு அப்பால் வெண்மை,
சொல் தெரிந்த செல்கள்
ஆயிரக்கணக்கில்.

தலை: ஒன்று
என்று ஏட்டில் எழுதினேன்.
மறுபடி எண்ணினேன்.
சன்னலில் வைத்த பாதி விலை வெங்காயம்
மூன்று பச்சை நாக்குகளை நீட்டியிருந்தது.

தொலைபேசி மினுங்கியது. அண்ணன்.
எடுத்தேன்.
முதலில் அவன் பேசட்டும்.