மூச்சை விடலாம்

வாரத்தில் ஆறு நாள் அண்ணா நகரில்
எக்ஸ்ரே எடுக்கிறேன்.
மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க,
விடலாம்.
திரையில் இருப்பது எனக்குத் தெரியும்.
சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்பார்கள்:
எப்படிம்மா இருக்கு?
டாக்டர் சொல்வார் என்பேன்.
அதற்கு மேல் பேச எனக்கு அனுமதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல்லில்
ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுவோம்.
பதினோரு பேர், மழை வந்தால் ஆறு.
சுவர்தான் திரை.
காலண்டர் ஆணியைப் பிடுங்க வீட்டுக்காரர் விடவில்லை,
யார் படம் போட்டாலும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.
அங்கேயும் அதே முகங்கள். அதே கேள்வி.
எப்படி இருக்கு?
அங்கே டாக்டர் கிடையாது.

முதல் வருடம் எல்லாவற்றுக்கும் சூப்பர் என்றேன்.
நச்சரிக்கும் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து
தெருவுக்கு அனுப்புவதுபோல ஒரு சொல் அது.
இரண்டாம் வருடம் வாயைத் திறந்தேன்.

பவளக்கொடி வைகையில் அழகர் இறங்குவதை எடுத்திருந்தாள்.
ஆயிரம் கை, ஆயிரம் செல்போன்.
அழகரைக் காணோம்.
மன்னிச்சிருங்கக்கா, தள்ளிவிட்டுட்டாங்க என்றாள்.
அழகரை விடு, இடது மூலையைப் பார் என்றேன்.
வேஷம் கட்டிய ஒருவர்
தோப்பறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நனைந்த போனைத் தலைப்பாகையில் துடைக்கிறார்.
உன் படம் இதுதான். மற்றதெல்லாம் கூட்டம்.
அவள் எழுந்துபோய்
சுவரில் அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

யானைமலை யானை மாதிரி இருக்கிறது.
ஜஹபர் அண்ணே, ஒன்பது படமாக ஒத்துக்கொள்கிறோம்.

மேலூர்ப் பக்கம் எடைமேடையில் சீட்டு எழுதும் இருளப்பன்
கல் குவாரிக் குழியைக் கொண்டுவந்தார்.
வெட்டிய பாறைக்குள் பச்சைத் தண்ணீர்,
அதில் ஒரு மேகம்.
யாரோ விசில் அடித்தார்கள்.
நான் சொன்னேன்:
அழகா இருக்கு. அதுதான் எனக்கு இடைஞ்சல்.
எவ்வளவு ஆழம்னு தெரியலையே, எங்க நின்னு எடுத்தீங்க?
வேலிக்கு வெளியே.
வேலை பார்க்கிறது?
உள்ளே.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அப்ப இது ரோட்டுல போறவர் எடுத்த படம் என்றேன்.
பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு
டீ வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

அந்த ஒரு வரியை எத்தனை விதமாகத் திருத்தினேன்,
யார் யாருடைய தோளையோ தட்டில் பொருத்திக்கொண்டே.
மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு
விடச் சொல்ல மறந்தேன் ஒரு பெரியவரை.

ஏழு வாரம் கழித்து வந்தார்.
எடைமேடை அறையின் ஜன்னல், கண்ணாடி முழுக்கத் தூசி,
அதற்கப்பால் லாரியில் ஒற்றைக் கல்.
வானம் தெரியவில்லை.
கல்லின் நிழலில் ஓட்டுநர் துண்டு விரித்துத் தூங்குகிறார்.
ஓரத்தில் மங்கலாக இருளப்பனின் விரல்.
விரலை வெட்டிறவா?
வேண்டாம், இருக்கட்டும்.
ஆனா படம் சாஞ்சிருக்கு, நிமித்துங்க.
எடை போடுறவர் மேடையைச் சாய்க்கலாமா?
முதலில் முறைத்தார். பிறகு சிரித்தார்.
சிரிப்பு முடிவதற்குள் கேட்டார்:
நாலு வருஷமா நீங்க ஒண்ணும் காட்டலையே?

போனில் ஒன்று இருந்தது.
எக்ஸ்ரே அறை, மதியம்,
கொக்கியில் நோயாளிகள் உடுத்தும் பச்சை அங்கி.
சுவரில் விழுந்தபோது
கொக்கியும் ஆணியும் ஒரே இடத்தில் பொருந்தின.
நிஜத்திலேயே தொங்குவதுபோல் தொங்கியது அங்கி.
எல்லோரும் ஆ என்றார்கள்.
நாகஜோதி மட்டும் பேசாமல் இருந்தாள்.
பாலிடெக்னிக் இரண்டாம் வருடம், யாரோடும் அதிகம் பேசாதவள்.

ஆணியால நல்லாருக்குக்கா, என்றாள்.
ஆணி இல்லாம யோசிச்சா,
ஆள் போனப்புறம் எடுத்திருக்கீங்க.
ஆள் இருக்கும்போது பயமா?

கீழே ஜெராக்ஸ் மிஷின் யாருடைய ஆதாரையோ
திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது.
இழுத்த மூச்சு இன்னும் நெஞ்சில் இருந்தது.
விடலாம் என்று சொல்ல அங்கே யாருமில்லை.
இருளப்பன் டீ வாங்கப் போயிருந்தார்.