பின்னால் கட்டிய கைகள்

குட்டாய்சி மருத்துவமனை, மூன்றாம் மாடி.
வெளியே ரியோனி ஆறு
பனி உருகிக் கலங்கி ஓடுகிறது.

"எங்கே குத்துவதென்று
எப்படித் தெரிந்தது உங்களுக்கு?"
போன வாரம் எத்தேரி கேட்டாள்.
இருபத்திரண்டு வருடமாக
தண்டுவட நீர் எடுப்பவன் நான்.
வாயைத் திறந்தேன்; சொல் வரவில்லை.
"பார்க்கப் பார்க்க வரும்" என்று எரிந்து விழுந்தேன்.

அன்றிரவு சமையலறையில்
ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் குத்திக் குத்தி
விரல் செய்வதை வாயால் சொல்லிப் பார்த்தேன்.
பாதி பொய்.
விரல் வேறெதையோ செய்துகொண்டிருந்தது.

இன்று ஊசி அவள் கையில்.
ஜெமால் சுருண்டு படுத்திருக்கிறார்,
பேருந்து ஓட்டிய காலத்து
டிக்கெட் விலைகளை முணுமுணுத்தபடி.
முதல் முயற்சி எலும்பில் முட்டியது.
என் வலக்கை தானாக எழுந்தது.
அதைப் பிடித்து
முதுகுக்குப் பின்னால்
இடக்கையிடம் ஒப்படைத்தேன்.
"கொஞ்சம் தொப்புளைப் பார்த்து" என்றேன்.
"தெரியும்" என்றாள்.

தெரிந்துதான் இருந்தது.
ஒரு சொட்டு.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை;
குழாயில் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
எனக்குத்தான்
இந்தக் கைகளை எப்போது அவிழ்ப்பதென்று
தெரியவில்லை.