கம்பி மறக்கும் நேரம்

காந்தத்துக்குக் காது கிடையாது, றெஜின்.
தலைக்கு மேலே இரும்பு நடுங்கினால் தெரியும்,
அவ்வளவுதான்.
பின்னே தடி என்னத்துக்கு என்று கேட்டாய்.
பிளாஸ்டிக் வாளியில் கம்பி கட்டினாலும்
ஒரே சத்தம்தானே என்றாய்.
நான் பதில் சொல்லவில்லை,
வாயில் பென்சில் இருந்தது.

குலசேகரத்தில் வருஷத்துக்கு இரண்டு மழை.
ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகைக்குப் பின்னால்
என் பட்டறையில்
எந்தப் பசையும்
ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் ஒட்டும்.

முதல் கிட்டாருக்கு அயனி.
ஒக்கிப் புயல் சாய்த்த மரம்,
ஏழு வருஷம் சாய்ப்பில் கிடந்து காய்ந்தது.
மேல் பலகையைக் குடைந்து குடைந்து
நடுவில் ஐந்து மில்லி, ஓரத்தில் மூன்று.
விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன்.
இன்னும் ஒரு சீவல்,
இன்னும் ஒரு
போதும் என்று சொல்வது பலகை அல்ல, என் பயம்.
உள்ளே இரண்டு குச்சி ஒட்டினேன்.
மீதி காற்று.

நீ வாசித்துப் பார்த்தாய்.
ஒவ்வொரு சுரமும் சட்டென்று எழும்பி
உருண்டையாய் நின்று
சட்டென்று போனது.
அப்போதுதான் உன் கேள்விக்குப் பதில் கிடைத்தது:
தடி எதையும் கொடுப்பதில்லை,
எடுத்துக்கொள்கிறது.
கம்பியிடமிருந்து எதை முதலில் பிடுங்குவது
எதைக் கொஞ்சம் விட்டுவைப்பது
என்பதுதான் அதன் குணம்.
காந்தத்துக்குக் கிடைப்பது மிச்சம்.

கருங்கல் பக்கம் கன்வென்ஷன் பந்தல்.
உன் முதுகுக்குப் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர்.
போதகர் அமைதியாயிருங்கள் என்று சொன்ன நேரம்
ஜி சுரத்தில் ஊளையிட்டது.
உள்ளங்கையால் அமுக்கினாய்,
விட்டதும் மறுபடி.
ஸ்பீக்கரைக் கேட்டுப் பலகை நடுங்க,
பலகையைக் கேட்டுக் கம்பி நடுங்க,
கம்பியைக் கேட்டு ஸ்பீக்கர்...
மூன்று பேரும் ஒருவருக்கொருவர் ஆமாம் போட்டார்கள்.
முன்வரிசையில் ஒரு குழந்தை கைதட்டியது.

சவத்த மாத்தித் தாரும், என்றாய் மறுநாள்.

இரண்டாவது ரப்பர் தடி.
பால் வற்றி, போராக்ஸ் தொட்டியில் முங்கி எழுந்தது.
முங்காவிட்டால் வண்டு ஆறே மாதத்தில் மாவாக்கிவிடும்.
மூன்று ஏடு ஒட்டி அச்சில் அழுத்தினேன்.
நடு ஏட்டின் நார் குறுக்கே ஓடும்,
ஒன்று வளைய நினைத்தால் மற்றது விடாது.
கழுத்திலிருந்து வால்வரை உள்ளே ஒரு கட்டை.
இருபுறமும் எஃப் துளை, பேருக்கு.
பந்தலில் வாய் திறக்கவில்லை.
சுரம் நீண்டது, நேராக,
கம்பிக்கு மறக்க நேரமாயிற்று.
காசை எண்ணித் தந்தாய்.

மூன்று மாதம் கழித்து
பைக்கை அணைக்காமலே கேட்டாய்:
அந்தக் கட்டையில் பாதியை வெட்ட முடியுமா?
"என்னமோ வேய், இது எங்கிட்ட சண்டை போடல."

வெட்டலாம்.
எஃப் துளையில் கை நுழையாது,
முதுகைத்தான் திறக்கவேண்டும்.
குதிரைக்கு அடியில் மட்டும் விட்டுவைக்கலாம்.
எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.
தெரிந்தவன் மாதிரி ஒரு கோடு போட்டேன்.

அயனி சுவரில்தான் தொங்குகிறது.
பேச்சிப்பாறை கடைசி பஸ்
வளைவில் ஹாரன் அடிக்கும்போது
மூன்றாம் கம்பி லேசாக மூச்சுவிடும்.
உளியைக் கீழே வைத்துவிட்டு
அது தானாய் அடங்கும்வரை எண்ணுவேன்.
நேற்று ஏழு.
மழை நாளில் ஐந்து.