ஸ்டெப்னிப் பங்கு

பாகப் பத்திரத்தில் வண்டிக்கு ஐந்து பங்கு.
சக்கரமும் ஐந்துதானே என்றார் சாத்தப்பண்ணன்,
பெண்பிள்ளைக்கு ஸ்டெப்னி.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
மற்ற நாலையும் வாங்க
வைரத்தோடு போனது. அது வேறு கணக்கு.

சைகோனில் அப்பா கப்பலேற்றிய மஸ்டாங்.
இடப்பக்க ஸ்டியரிங்.
இரண்டாங்கட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது,
பானெட்டில் எலிகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன.

செக்காலை ரோட்டில் ஜபருல்லா கேட்டார்:
"பழையபடியா, ஓடுறபடியா?"
ஓடுறபடி.
டிரம் பிரேக் இறங்கியது, டிஸ்க் ஏறியது.
பழைய கார்புரேட்டரைத் துணியில் சுற்றி
என் கையில் தந்தார்,
பிரசவ வார்டு ஆயா மாதிரி.

டிரைவர் சீட்தான் நகரவில்லை.
அப்பாவின் கால் நீளத்தில்
துருப்பிடித்து நின்றது.
ஆறடி மனுஷன்.
கிளட்ச்சுக்கு அரைச்சாண் இப்பால்
அந்தரத்தில் என் பாதம்.

"அறுத்துரட்டா ஆச்சி?"
பொறுங்க என்றேன்.
டீ வந்தது. ஆறியது. ஆடை கட்டியது.
ம், என்றேன்.
அவர் முகமூடியை இறக்கினார்.

அன்று சாயங்காலம் பள்ளத்தூர் ரோட்டில்
எண்பதைத் தொட்டதும் மிதித்தேன்.
நின்றது, கோடு போட்டமாதிரி.
டிக்கியில் ஸ்டெப்னி மட்டும்
ஒருதரம் புரண்டு படுத்தது.