பொருக்கு

கார்த்திகைக் கடைசி. செக்கானூரணியில்
மழை விட்டு ஒன்பது நாள்.
காய்ச்சல் வரிசை ஊசி அறையைச் சுற்றிக்கொண்டு
புளியமரம் வரைக்கும் நிற்கிறது.

ஒச்சம்மாளுக்கு இது எட்டாவது நாள்.
உசிலம்பட்டியில் ரத்தம் கொடுத்தாளாம்,
டைபாய்டு என்று சீட்டு.
நாகமலைப் புதுக்கோட்டையில் இரண்டு ஊசி, ஒரு குளுக்கோஸ்,
ஒரு ஆடு விற்ற காசு.
காய்ச்சல் இதையெல்லாம் மதிக்கவில்லை.
சாயங்காலம் ஆறு மணிக்கு
மில் சங்கு மாதிரி வந்துவிடுகிறது.

"புல்லறுக்கப் போனீங்களா?"
"போகாம? வெள்ளாட்டுக்கு நான் சோறா வடிப்பேன்?"
மலை அடிவாரம், கண்மாய்க்கரை,
எலி வளை கிடக்கும் மேடு.
அவள் சொல்லச் சொல்ல
எனக்குள் ஒரு பெயர் ஊர்ந்து வந்தது.

தேட வேண்டும்.
ஸ்க்ரப் டைபஸ் என்றால்
உடம்பில் எங்காவது அடையாளம் வைத்திருக்கும்:
கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம்,
சிகரெட்டால் சுட்டதுபோல்.
வலிக்காது. அதனால் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.
துணி இறுகும் இடங்களில் பாருங்கள் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
அக்குள், மார்புக்கு அடி,
பாவாடை நாடா, தொடையிடுக்கு.

இரண்டு வளையம் கழன்ற பச்சைத் திரையை இழுத்தேன்.
முந்தானையை விடவில்லை அவள்.
"ஊசி போடக் கை பத்தாதா தாயி?"
கதவைத் தாழிட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
வெளியே யாரோ இருமினார்கள்.
பிறகு அவளே நாடாவைத் தளர்த்தினாள்,
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி,
போன வருசத்துக் காலண்டரைப் பார்த்தபடி.

இடுப்பில், இடப்பக்கம்,
ஒன்று.
விரல் வைத்தேன். வெளிறியது, பழையது.
இரண்டு.
நான்கு.
எல்லாம் ஒரே அளவு,
பீடி நுனி அளவு.

பாடத்தில் உவமையாக இருந்தது
இங்கே உவமையாக இல்லை.
அதற்கடுத்த வரி
எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

ஏழாவதாக,
நாடா பதிந்த தடத்துக்குக் கீழே
உதிராத கறுப்பு. சிவந்த வளையம்.
"இது எப்ப?"
"எது?"
"இது மட்டும்."
"அது தெரியாது தாயி. அது வலிக்கல."

ஏதாவது பேச வேண்டுமே என்று
அந்தப் பூச்சியைப் பற்றிச் சொன்னேன்.
கண்ணுக்கே தட்டுப்படாது.
எலியைத் தேடி வந்திருக்கும்,
ஆள் தெரியாமல் உங்கள் மேல் ஏறிவிட்டது.
அதன் எச்சிலில் உள்ள கிருமிக்குத்
தனியாகப் பிழைக்கத் தெரியாது;
எந்த உயிரின் செல்லுக்குள்ளாவது
குடியேறினால்தான் உண்டு.
தாய்ப்பூச்சி அதை முட்டைக்குக் கொடுக்கும்,
முட்டை குஞ்சுக்கு.
அந்தக் குஞ்சு கடிப்பது
வாழ்நாளில் ஒரே ஒரு முறை.

"ஒரே தடவதானா?"
"ஒரே தடவைதான்."
கொஞ்ச நேரம் அதையே யோசித்தாள்.
"பாவம்" என்றாள்.
யாரை என்று தெரியவில்லை.

டாக்டர் வந்து பார்த்துத் தலையாட்டினார்.
டாக்ஸிசைக்ளின், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள்.
பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
பொருக்கு எத்தனை?
பேனா கொஞ்சம் நின்றது.
ஒன்று என்று எழுதினேன்.
மாத்திரைக் கவரின் பின்பக்கம்
நூற்று எண்பத்தொன்று என்ற எண்ணையும் எழுதி
இது பெண்களுக்கான போன், காசு ஆகாது என்றேன்.
அவள் கவரை மடித்த விதத்தில்
எண் உள்ளே போனது.

மூன்றாம் நாள் வந்தாள்.
காய்ச்சல் இல்லை, நாக்கில் ருசி திரும்பிவிட்டதாம்,
கருவாட்டுக் குழம்பு கேட்கிறதாம்.
மாத்திரையை முழுசாக முடிக்க வேண்டும் என்றேன்.
கவர் எங்கே என்றேன்.
"மாத்திர பத்திரமா இருக்கு.
கவர ஆடு தின்னுருச்சு."

சிரித்தாளா என்று பார்ப்பதற்குள்
அடுத்த காய்ச்சல் வந்து
ஸ்டூலில் உட்கார்ந்தது.